பங்குக்கு வந்த லாரி

அப்பா இறந்து ஒன்றரை வருடம் கழித்து, தரணி தன் தங்கை மோனிஷாவைக் கூப்பிட்டு, "அம்முணி, அந்த லாரிய வேணா நீ எடுத்துக்க" என்றான்.

நல்லூரில் பனியன் துணி பின்னுகிற அவனுடைய நிட்டிங் கம்பெனிக்குப் பின்னால் அந்த லாரி நான்கு வருடமாக நின்றுகொண்டிருந்தது. தொண்ணூற்றாறாம் வருடத்து வண்டி, ஆறு சக்கரம். அவர்களுடைய அப்பா சுப்பண்ணன் அதை ஓட்டிச் சம்பாதித்துத்தான் முதல் நிட்டிங் மெஷின் வாங்கினார். ஒரு மெஷின் நாலாகி, நாலு பதினாறு ஆனபோது லாரிக்கு வேலை இல்லாமல் போயிற்று. டயர்கள் காற்று இறங்கி மண்ணில் அமுங்கிக் கிடந்தன. கம்பெனி ஆட்கள் அதன் மேல் பழைய நூல் கோன் பெட்டிகளைப் போட்டு வைத்திருந்தார்கள்.

மோனிஷாவுக்கு முப்பத்து நான்கு வயது. கல்யாணம் முறிந்து ஊத்துக்குளிக்குத் திரும்பி வந்து ஆறு வருடமாகிறது. திருப்பூரில், வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் பனியன் வாங்கி அனுப்பும் ஒரு பையிங் ஆபீசில் மெர்ச்சண்டைசர் வேலை. அப்பா விட்டுப் போனது ஊத்துக்குளியில் ஏழு ஏக்கர் தோட்டமும் நல்லூர் கம்பெனிக் கட்டடமும். அம்மா ராமாத்தாள் தன் பங்கை மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். மோனிஷா எழுதிக் கொடுக்கவில்லை. "எனக்கும் பங்கு உண்டுல்லீங்க" என்று ஒரே ஒரு தடவை, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். யாரும் சத்தம் போடவில்லை. அந்த வீட்டில் எப்போதும் யாரும் சத்தம் போட்டதில்லை. ஒருவரை ஒதுக்கி வைப்பதானாலும் மரியாதையாகவே ஒதுக்கி வைப்பார்கள். அதற்கு அடுத்த வாரம்தான் லாரிப் பேச்சு வந்தது.

"பழைய இரும்புக்குப் போட்டாலும் ஏதோ வரும்" என்றான் தரணி. "அப்பா ஓட்டுன வண்டி வேற."

"ஓட்டறதுக்குக் குடுக்கறீங்ளா, இரும்புக்குப் போடறதுக்குக் குடுக்கறீங்ளாண்ணா?"

அவன் சிரித்தான். "நீ என்ன பண்ணுனாலுஞ் சரி."

ஆர்.சி.யை அவள் பெயருக்கு மாற்ற அவனே கூட வந்தான். அம்மாவையும் கூட்டி வந்து, போட வேண்டிய கையெழுத்தெல்லாம் ஒரே காலையில் போட்டு முடித்தான். அவளுக்காக அவ்வளவு விரைவாக அவன் எதையும் செய்ததில்லை.

ஒரு வாரம் அவள் அந்த வண்டியைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. பிறகு, ஆபீஸ் வேலையில் பழக்கமான மகுடேஸ்வரனைப் போய்ப் பார்த்தாள். திருப்பூரிலிருந்து பெங்களூருக்குத் துணி உருளைகள் அனுப்புகிற லாரி ஆபீஸ் வைத்திருப்பவர் அவர். தன் வண்டிக்கு லோடு கொடுப்பாரா என்று கேட்டாள்.

"என்ன மாடலுங்?"

"தொண்ணூத்தாறுங்க."

மகுடேஸ்வரன் பேனாவை மேசையில் வைத்தார். "அம்முணி, தப்பா நெனைச்சுக்காதீங்க. மத்தியானம் இங்க ஏத்துனா ராத்திரி ஒம்பது மணிக்குள்ள பெங்களூரு பொம்மசந்திராவுல எறக்கோணும். சேலந் தாண்டுனதும் தொப்பூர் ஏத்தம். இப்ப வர்ற வண்டியெல்லாம் அதுல சமரோட்டுல போற மாதிரி போயிருது. உங்குளுது அந்தக் காலத்து எஞ்சினுங்க, நூத்திப்பத்துக் குதிரை சக்திதான். ரெண்டாவது கியர்ல மொனகிட்டே நிக்கும். பொறகால வர்றவனெல்லாம் ஆரன் அடிப்பான்."

"ஏறுச்சுன்னாக் குடுப்பீங்ளா?"

"ஏறட்டுங்க, பாக்கலாம்" என்றார். அவர் மரியாதைக்குச் சொன்னது அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் அதை வாக்காகவே எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

காங்கயம் ரோட்டில் பட்டறை வைத்திருந்தவர் ஜெபக்குமார். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்து, அது பிடிக்காமல் டீசல் எஞ்சின் வேலைக்குப் போனவர். நாற்பது வயதிருக்கும். கட்டி இழுத்துக்கொண்டு வரப்பட்ட லாரியைச் சுற்றி வந்து, எஞ்சினைத் திறந்து பார்த்தார்.

"பிஸ்டன் ஓடுத லைனரெல்லாம் தேஞ்சு போச்சு மேடம். ரிங்கு ஒட்டிக்கிட்டு. புது செட்டு போட்டா பழைய சக்தி வந்துரும்."

"பழைய சக்தி வேண்டாங்க. நூத்தம்பது வேணும்."

ஜெபக்குமார் கையைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார். "அப்ப டர்போ போடணும்."

அது என்னவென்று அவரே விளக்கினார். எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறுகிற புகையின் வேகத்தில் ஒரு சின்ன விசிறியைச் சுற்றவிட்டு, அந்த விசையாலேயே வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிப்பது. காற்று அதிகம் போனால் டீசலையும் அதிகம் எரிக்கலாம். சக்தி கூடும். சூடும் கூடும்.

"சூட்டத் தாங்குத பிஸ்டன் வேணும். அடியில இருந்து அதுக்கு ஆயில் பீச்சணும். ரேடியேட்டர் பெருசா வேணும். திணிக்குத காத்தக் குளிர வைக்க முன்னால இன்டர்கூலர் வேணும். ஒண்ண விட்டாலும் மத்தது சும்மா இருக்காது, பாத்துக்கிடுங்க."

"எவ்வளவு நாளாகுங்க?"

"நீங்க நெசமாவே செய்யப் போறியளா?"

"நாளைக்கே ஆரம்பிங்க."

வேலையை விட்டுவிட்டு, அங்கிருந்து வந்த பி.எஃப். பணத்தை முழுக்க அந்த எஞ்சினில் இறக்கினாள். பட்டறைக்கு நாள் தவறாமல் போனாள். முதலில் ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள். பிறகு போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவினாள். அதற்குப் பிறகு அளவெடுப்பதை அவளே வைத்துக்கொண்டாள். எட்டு வருடம் பனியனின் நெஞ்சகலத்தையும் கை நீளத்தையும் அளந்து, கால் இஞ்ச் கூடிய பீசை ஒதுக்கியவள். லைனரின் உள்வட்டத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து எழுதிக் காட்டியபோது ஜெபக்குமார், "இத்தன வருசத்துல ஒருத்தனும் எனக்கு நடுவுல அளந்து தந்ததில்ல" என்றார்.

காலையில் அவிநாசி ரோட்டில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கனரக வண்டி ஓட்டப் பழகினாள். சேதி சொந்தக்காரர்களுக்குப் போயிற்று. தரணி ஒரு நாள் ஃபோன் செய்தான்.

"கம்பெனிக்கு வர்றவங்கல்லாம் கேக்கறாங்க அம்முணி. தங்கச்சி லாரி ஓட்டறாளாமேன்னு. நான் என்னத்தச் சொல்லட்டும்?"

"லாரி குடுத்தது நாந்தான்னு சொல்லுங்ணா."

நான்கு மாதத்தில் எஞ்சின் தயாரானது. ஆனால் ஒரு தவறும் அதற்குள் நடந்திருந்தது. இன்டர்கூலரைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று அவள் சொல்லிவிட்டாள். கையில் பணம் தீர்ந்திருந்தது, பொறுமையும் தீர்ந்திருந்தது. வெறும் வண்டியை ஊத்துக்குளி ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது அது பாய்ந்த பாய்ச்சலில், "பம்ப்புல இன்னுங் கொஞ்சம் டீசல் கூட்டி வைங்க ஜெபண்ணா" என்றாள். அவர் வேண்டாம் என்றார். அவள் மறுபடியும் சொன்னாள். அவர் கூட்டி வைத்தார்.

மகுடேஸ்வரன் சொன்ன வார்த்தைக்காக ஒரு லோடு கொடுத்தார். ஒன்பது டன் துணி. மோனிஷா ஓட்ட, ஜெபக்குமார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பவானி, சங்ககிரி, சேலம் வரைக்கும் வண்டி பாடிக்கொண்டு போயிற்று. தொப்பூரில் ஏற்றம் ஆரம்பித்தது. மூன்றாவது கியரில் வண்டி சளைக்காமல் ஏறியது. மோனிஷா சிரித்தேவிட்டாள். பாதி ஏற்றத்தில் கண்ணாடியில் கரும்புகை தெரிந்தது. பிறகு எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி சத்தம்.

"நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க!" என்று ஜெபக்குமார் கத்தினார்.

ஓரம் கட்டினாள். ஆயில் ஊற்றுகிற வாய் வழியாகப் புகை குபுகுபுவென்று வந்தது. எஞ்சினை அணைத்ததும் மலைப்பாதையில் மற்ற லாரிகள் ஏறிப் போகும் சத்தம் மட்டும் கேட்டது. மகுடேஸ்வரன் சேலத்திலிருந்து வேறொரு வண்டியை அனுப்பி லோடை மாற்றிக்கொண்டார். திட்டவில்லை. "பரவால்லைங்க அம்முணி, இதெல்லாம் சகஜந்தானுங்க" என்று மட்டும் ஃபோனில் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் வண்டியை இழுவை லாரியில் கட்டிக் கொண்டுவந்தார்கள். நல்லூர் வழியாகத்தான் வர வேண்டும். கம்பெனி வாசலில் தரணி நின்று பார்த்தான்.

சாயங்காலமே பட்டறைக்கு வந்துவிட்டான். கையில் புது லாரிக் கம்பெனியின் வழவழப்பான விளம்பரத் தாள். அதைத் தங்கையின் மடியில் வைத்தான்.

"இருநூறு குதிரை. ஏசி கேபின். உன்ற பேர்லயே புக் பண்ணித் தர்றேன், முழுப் பணமும் நாங் கட்டறேன். ஓட்டோணும்னு ஆசைப்பட்டுட்ட, ஓட்டு. நான் வேண்டாங்கல. வெள்ளிக்கெழம பத்தர ஆபீசுல டோக்கன் போட்டிருக்கறேன். விடுதலைப் பத்தரத்துல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுரு."

அவன் போன பிறகு ஜெபக்குமார் அந்தத் தாளை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"புது வண்டியே தாரேங்காங்களே. வாங்கிக்கிடுங்களேன் மேடம். இதோட எதுக்கு மல்லுக்கட்டணும்?"

"நீங்களுமா அண்ணா?"

"எனக்கென்ன, நான் கூலிக்காரன். உங்க நல்லதுக்குச் சொல்லுதேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை என்றும் அவளுக்குத் தோன்றியது. இரண்டு நாள் அவள் பட்டறைப் பக்கம் போகவில்லை. அம்மா அவள் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து, "போட்டுக் குடுத்துரு கண்ணு. அண்ணன் தங்கச்சிக்குள்ள கோர்ட்டு கச்சேரின்னு வேண்டாஞ் சாமி" என்றாள். "வர்றனுங்மா" என்றாள் மோனிஷா. அப்போது அவள் உண்மையாகவே கையெழுத்துப் போடத்தான் நினைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்திர ஆபீசுக்குப் போகும் வழியில் பட்டறையில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். கணக்கு முடித்துவிட்டு வருவதாகத்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஜெபக்குமார் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார். ஆறு பிஸ்டன்களும் ஒரு சாக்கின் மேல் வரிசையாக இருந்தன. நாலாவது பிஸ்டனின் தலை, வெயிலில் வைத்த வெல்லம் மாதிரி ஒரு பக்கம் உருகி வழிந்திருந்தது. அவள் அதைக் கையில் எடுத்தாள்.

"மத்தது?"

"மத்த அஞ்சும் நல்லாத்தான் இருக்கு. லைனர் ஒண்ணு போச்சு. கிராங்குக்கு ஒண்ணும் ஆகல. பிளாக்குல ஒரு கீறல் கூட இல்ல." அவர் கொஞ்சம் தயங்கினார். "எஞ்சின் மேல தப்பில்ல மேடம். நீங்க கேட்டிய, நான் கூட்டி வச்சேன். நான் முடியாதுன்னு ஒத்தக்கால்ல நின்னிருக்கணும்."

"நாங் கேட்டதுதானுங்க தப்பு."

பிஸ்டனைக் கீழே வைத்துவிட்டு, மணியைப் பார்த்து, அப்படியே கிளம்பிப் போனாள்.

பத்திர ஆபீசில் கூட்டம். தரணியும் அம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வக்கீலின் குமாஸ்தா பத்திரத்தை நீட்டினார். மோனிஷா ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஆபீசில் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டவள் இல்லை அவள். மூன்றாவது பக்கத்தில், தன் தகப்பனார் சொத்தில் தனக்குச் சேர வேண்டிய பாகத்துக்கு ஈடாக வாகனம் பெற்றுக்கொண்டு, யாருடைய தூண்டுதலும் இன்றி, முழு மனத் திருப்தியுடன் விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது. அந்த வரியை இரண்டு தடவை படித்தாள்.

டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் கைரேகை எடுக்கும் கருவியைக் காட்டினாள். மோனிஷா கட்டைவிரலை வைத்தாள். ரேகை விழவில்லை. மறுபடி வைத்தாள்.

"கையெல்லாம் ஒரே கிரீசா இருக்குதுங்களே. போய்க் கழுவிட்டு வாங்க, பின்னால பைப் இருக்குது."

பின்னால் போய்க் குழாயைத் திறந்தாள். சோப்பு இல்லை. தண்ணீர் மட்டும் பட்டதில் கிரீஸ் இன்னும் பரவியதே தவிர போகவில்லை. மண்ணை எடுத்துத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அவளுக்கு ஒரே கேள்விதான் வந்தது. இந்த அழுக்கைப் போக்கிவிட்டு எதற்காக உள்ளே போக வேண்டும்? ஒரு பிஸ்டனும் ஒரு லைனரும்தானே போயிருக்கிறது? குழாயை மூடிவிட்டு, கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணா, நான் போடலீங்க."

தரணி அவளை நிமிர்ந்து பார்த்தான். "என்ன அம்முணி?"

"முழு மனத் திருப்தின்னு எழுதியிருக்குதுங்க. அது பொய்யுங்க. எனக்குத் திருப்தி இல்லீங்க."

"அந்த வரிய எடுத்துரச் சொல்லறேன்."

"எடுத்தாலும் எனக்குத் திருப்தி வராதுங்ணா. புது வண்டியும் வேண்டாங்க. எனக்குத் தோட்டத்துல பங்கு வேணும், கட்டடத்துல பங்கு வேணும். அப்பா எனக்கும் அப்பாதானுங்களே."

குரல் உயரவில்லை. ஆனால் ஆபீசில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ராமாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தரணியின் முகம் சிவந்தது. "அந்த ஓட்டை லாரிய நம்பிப் பேசறயா?"

"அத நம்பித்தானுங்க பேசறேன்."

அவர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள். அம்மா கண்ணாடியை இறக்கவில்லை. மோனிஷா நேரே பட்டறைக்குப் போனாள். அன்று மாலையே ஊத்துக்குளி வீட்டிலிருந்து துணிமணிகளை எடுத்துக்கொண்டு வந்து, நல்லூரில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தாள்.

"மொத தடவ நீங்க சொன்னீங்களே, ஒண்ண விட்டாலும் மத்தது சும்மா இருக்காதுன்னு. எல்லாத்தையும் போடலாமுங்க" என்றாள் ஜெபக்குமாரிடம்.

"நூத்தம்பது வராது, சொல்லிப்புட்டேன். நூத்திநாப்பது வச்சா எஞ்சின் தாக்குப்பிடிச்சு நிக்கும்."

"நிக்கறது போதுங்க."

பழைய ஆபீசுக்கே போய், வீட்டிலிருந்து செய்கிற மாதிரி பகுதிநேர வேலை கேட்டு வாங்கினாள். காலையில் மெயில்கள், பகலில் பட்டறை. சம்பளம் வர வர ஒவ்வொரு பாகமாக வாங்கினாள்; இந்த முறை இன்டர்கூலர் முதலில் வந்தது. பெரிய ரேடியேட்டர் வந்தது. புகை வெளியேறும் குழாயில் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்றைப் பொருத்தி, அதன் முள்ளை டிரைவர் சீட்டுக்கு எதிரே வைத்தார் ஜெபக்குமார். பம்ப்பில் டீசல் அளவைச் சரியாக வைத்து, அதன் திருகின் மேல் சீல் வைத்தார். "இனிமே நீங்க கேட்டாலும் எனக்குக் காது கேக்காது" என்றார். எஞ்சின் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வாங்க அவள் ஏழு தடவை அலைந்தாள். ஏழாவது தடவை ஆர்.சி.யில் பதிந்து கொடுத்தார்கள்.

அதற்குள் அவள் வக்கீலைப் பார்த்துப் பாகப் பிரிவினைக்கு நோட்டீசும் அனுப்பியிருந்தாள்.

மகுடேஸ்வரனிடம் மறுபடி போனபோது அவர் பட்டென்று ஒத்துக்கொள்ளவில்லை.

"என்ற கஸ்டமரு ஒருத்தருக்கொருத்தரு பேசிக்குவாங்கம்மா. உங்க அண்ணனும் எனக்கு வேண்டியவரு."

"எனக்கும் அவரு அண்ணந்தானுங்க. நான் லோடு கேக்கறேன், நாயம் கேக்கலீங்க. இந்தத் தடவ ஏறலீன்னா, இந்த வாசப்படியில கால் வெக்க மாட்டனுங்."

செவ்வாய்க்கிழமை லோடு கொடுத்தார். அதே ஒன்பது டன்.

தொப்பூர் அடிவாரத்துக்கு வரும்போது மணி மூன்று. வெயில் தாரில் பளபளத்தது. மோனிஷா மூன்றாவது கியருக்கு மாற்றினாள். டர்போவின் விசில் மெல்லக் கிளம்பிக் கேபினை நிறைத்தது. ஜெபக்குமார் சாலையைப் பார்க்கவே இல்லை. மீட்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறுது... ஏறுது... நின்னுட்டு. அங்கயே நிக்கி. மிதிங்க, பயப்படாதிய."

முன்னால் சிமெண்டு லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு, இண்டிகேட்டர் போட்டு, அதைத் தாண்டினாள். கரும்புகை இல்லை. தட்டல் இல்லை. எஞ்சின் அடிவயிற்றிலிருந்து ஒரே சீராக உறுமியது. அந்தச் சமயத்தில் ஃபோன் அடித்தது. ஜெபக்குமார் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"மோனிஷா." தரணிதான். அம்முணி என்று சொல்லவில்லை. "வக்கீல் நோட்டீசு வந்துருக்குது. என்ன காரியம் இது? பெத்த தாய் பேரையும் சேத்து அனுப்பியிருக்கற?"

"ஏத்தத்துல இருக்கறனுங்ணா" என்றாள் அவள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஏறி முடிச்சுட்டுக் கூப்புடறனுங்."

ஜெபக்குமார் ஃபோனை அணைத்தார். வாயை இறுக்கிச் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

ஏற்றம் முடிந்து, சாலை சமதளமானதும் ஒரு டீக்கடை முன் நிறுத்தினாள். எஞ்சினை உடனே அணைக்காமல், டர்போ ஆறட்டும் என்று மூன்று நிமிடம் ஓடவிட்டாள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணனைக் கூப்பிட்டாள்.

"சொல்லுங்ணா."

"இனிமே இந்த ஊட்டுப் படி ஏறாத."

"சரிங்ணா. பாகம் பிரிச்சுக் குடுத்துட்டீங்கன்னா என்ற பங்குல நான் ஒரு ஊடு கட்டிக்கறேன்."

அவன் வைத்துவிட்டான். அழுகை வந்தது. அதை ஜெபக்குமார் பார்க்காத மாதிரி டயர்களைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார். கொஞ்ச நேரம் அழுதாள், டீயைக் குடித்தாள், முகத்தைக் கழுவினாள்.

பொம்மசந்திராவில் எட்டு இருபதுக்கு லோடு இறங்கியது. மறுநாள் மகுடேஸ்வரன் ஃபோனில், "வெள்ளிக்கெழம ஒண்ணு, ஞாயித்துக்கெழம ஒண்ணு எடுத்துக்கறீங்ளா மேடம்?" என்று கேட்டார். அம்முணி போய், "மேடம்" வந்திருந்தது. எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

வழக்கு திருப்பூர் கோர்ட்டில் நடக்கிறது. இரண்டு தடவை வாய்தா ஆகிவிட்டது. தரணி பேசுவதில்லை. ராமாத்தாள் மட்டும் போன மாதம், மகன் கம்பெனிக்குப் போன நேரமாகப் பார்த்து ஃபோன் செய்தாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டாள். பிறகு, "உங்கப்பன் அந்த ஏத்தத்துல வண்டிய நிறுத்தித் தண்ணி ஊத்திட்டுத்தான் போவாரு. நீ எப்புடிப் போற?" என்றாள்.

"நிறுத்தறதில்லீங்மா."

"நெசமாவா?"

"நெசமாத்தானுங்மா. நாளைக்கு வர்றீங்ளா, கூட்டிட்டுப் போறேன்?"

ராமாத்தாள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. மறுநாள் பதினோரு மணிக்கு லோடு ஏற்றி முடித்து, தார்ப்பாய் கட்டி, கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு மோனிஷா கேபினில் ஏறினாள். வாசலைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் காத்திருந்தாள், அம்மா வரவில்லை. பிறகு வண்டியை எடுத்தாள்.